முப்பத்தெட்டு தசம் இரண்டு

கொட்பேத் துறைமுகத்தில் எனக்குக் கிடைத்தது
ஒரு பழைய கொள்கலப் பெட்டி.
உள்ளே ஓர் ஒடுக்கி, ஓர் அளவி,
இருமிக்கொண்டே தண்ணீர் சுற்றும் ஒரு பம்பி.
கதவில் யாரோ சுண்ணக்கட்டியால் எழுதியிருக்கிறார்கள்:
மூக்கு டொக்டர்.

செத்த பிறகுதான் மீன் பேசத் தொடங்குகிறது.
கடலின் உப்பைத் தாங்கவென்று
உடம்புக்குள் அது சேர்த்துவைத்த ஒன்றைக்
கிருமிகள் பிரிக்க,
மூன்று மெதைல்களைத் தூக்கிக்கொண்டு
ஒரு நைதரசன் காற்றில் ஏறும்.
ஊரில் அதற்கு வெடுக்கு என்று பேர்,
என் படிவத்தில் அமைன்.

அந்த நைதரசனிடம் ஒரு சோடி இலத்திரன்
யாரும் கேட்காமல் கிடக்கிறது.
புளிப்பு எதிரே வந்தால்
உடனே கை நீட்டிவிடும்.

மரிசலீனின் படகு எஞ்சின் வெடித்து
மூன்று நாள் மிதந்தது, ஐஸ் எல்லாம் தண்ணீர்.
அவர் கொண்டுவந்த சூரை நாறவில்லை.
தேசிக்காய் மணந்தது.

மீன் கழுவுகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான்:
புளி நாற்றத்தைக் கொல்வதில்லை,
உப்பாக்கி உட்கார வைக்கிறது.
நான் ஒரு கரண்டி மக்னீசியம் ஒட்சைட்டைப் போட்டேன்.
கட்டு அவிழ்ந்தது.
கொதித்து, ஆவியாகி, ஒடுக்கியில் குளிர்ந்து
சொட்டுச் சொட்டாக வந்து விழ
போரிக்கமிலத்தில் இளஞ்சிவப்பு பச்சையானது.

சாட்சி சொன்ன சாயத்தில் ஒரு பாதி
அதே வீட்டுப் பிள்ளை.
பென்சீன் வளையத்தில் அமைன் குந்தினால் அனிலீன்,
அனிலீன் வம்சத்தில் வந்த சிவப்பு.
ஒரு மணமும் இல்லாத தூளுக்கு
அரோமற்றிக்கு என்று குடும்பப் பேர்!

உயர்தரத்தில் அந்த அறுகோணத்தை
ஆயிரம் தடவை வரைந்திருப்பேன்.
உள்ளே ஒரு வட்டம்: ஆறு இலத்திரன்கள்,
எந்தக் காபனின் பேரிலும்
உறுதி எழுதாதவை.
ஓர் ஐதரசனை எழுப்பிவிட்டு
இன்னொன்று அந்த இடத்தில் குந்தலாம்,
வளையம் உடையாது.
பிரதியீடு என்று படித்தோம்.
திருகோணமலையில் இருந்துகொண்டு
அந்தச் சொல்லை நான் மெதுவாகத்தான் சொல்வேன்.

அளவியை மூடினேன். கணக்குப் பார்த்தேன்.
முப்பத்தெட்டு தசம் இரண்டு.
எல்லை முப்பத்தைந்து.

வெளியே அவர் வலை பொத்திக்கொண்டிருந்தார்.
நைலோன். அதிலும் நைதரசன்தான்,
முழத்துக்கு எத்தனை கோடியோ.
ஆனால் பக்கத்தில் ஓர் ஒட்சிசன் ஏந்திய காபன்;
தன் சோடியில் பாதியை
அதற்கே கொடுத்துவிட்டது.
ஆகவே மணக்காது.
தேசிக்காயைப் பிழிந்தாலும் திரும்பிப் பார்க்காது.

சீனக்குடாத் தாங்கிகளில் நின்றது போல
எங்கோ நின்ற எண்ணெயில் ஒரு பென்சீன்;
ஐதரசன் ஏற்றி அதன் வட்டத்தை அழித்து,
நைதரசனை உள்ளே நுழைத்து,
வளையத்தை வெட்டி நீட்டி,
ஒன்றின் வாலில் ஒன்றாய்க் கோத்தால்
மரிசலீனின் கால்விரலில் மாட்டி நிற்கிற இந்த நூல்.
மீனுக்கு மூன்று நாள்.
வலை கடலில் தவறினால்
எத்தனை வருடம் என்று
எனக்குச் சரியாகத் தெரியாது.

“தங்கச்சி, ஒரு முப்பத்திநாலு போட ஏலாதோ?”

சூரையில் இன்னொரு அமைனும் ஊறும்,
அவித்தாலும் பொரித்தாலும் அழியாது.
யாரோ ஒருவருக்கு உதடு தடித்து
மூச்சு இழுக்கும்.
இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை.
இலக்கத்தை எழுதி
பேனையை மூடினேன்.

அவர் கத்தவில்லை.
சாரத்து மடிப்பில் மிச்சமிருந்த
இரண்டு தேசிக்காயை மேசையில் வைத்து
“கை கழுவுங்கோ” என்றார்,
போய்விட்டார்.

கழுவினேன். மணம் அடங்கிற்று.
உப்புவெளி பஸ்ஸில் பக்கத்திலிருந்த
ரிஸ்மியா ரீச்சருக்குக் கூடத் தெரியவில்லை.

இரவு, வீட்டுக் கிணற்றடியில்,
சவர்க்காரம் போட்டேன்.
சவர்க்காரத்தில் காரம்.
விரலிடுக்கிலிருந்து
மூன்று நாளும்
எழும்பி வந்தன.